பச்சை டிக்

லுகாங்கில் குழாய் செய்யாத குடும்பம் ஒன்று இருந்தால், அது குழாய் செய்கிற குடும்பத்துக்குப் பெண் கொடுத்த குடும்பமாக இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் கோ முதலாளியின் குழாய்க் கம்பெனியில் நடந்தது வெளியே வராமல் போகுமா? வந்தது. சேமியாக் கஞ்சிக் கடை வாசலில், கிண்ணம் காலியாவதற்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிடுவார்கள். "யாஜுங் மஞ்சப் பை வாங்கி வெச்சாளாம், மெஷின் படுத்துடுச்சாம்." கேட்கிறவரும் "ஐயையோ, மஞ்சளா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். அதற்கு மேல் ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. கேட்டிருந்தால் யாஜுங்குக்கு இவ்வளவு குமட்டியிருக்காது.

அந்தக் கம்பெனியின் கணினிப் பிரிவில் இரண்டே பேர். வேலை தெரிந்தவள் யாஜுங், மேனேஜர் போயென். போயென் முதலாளியம்மாவின் தம்பி மகன். தலைநகர் தைபேயில் படித்தவன். அத்தை கூப்பிட்டாள் என்று வந்தவன், அத்தை போகச் சொல்லாததால் இருப்பவன். அவன் எங்கே இருந்துவிட்டுப் போனான் என்பதை மூக்காலேயே சொல்லிவிடலாம். சர்வர் அறையில் கேபிள்களுக்கு நடுவே அவன் குடித்துவிட்டு விட்டுப்போன பால் தேநீர்க் கோப்பைகள் நிற்கும். அடியில் ஒட்டிய ஜவ்வரிசி உருண்டைகளின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை மயிர் முளைத்திருக்கும். வறுத்த கோழி தின்ற விரலை நக்கிவிட்டு, அதே விரலால் விசைப்பலகையைத் தட்டுவான். அவன் நாற்காலியில் உட்கார நேர்ந்தால் யாஜுங் முதலில் ஈரத்துணியால் துடைப்பாள், பிறகு காய்ந்த துணியால் துடைப்பாள், பிறகும் நுனியில்தான் உட்காருவாள்.

இந்தப் போயென்தான் வசந்த காலத்தில் ஒரு தானியங்கி பேக்கப் கருவி வாங்கவைத்தான். கம்பெனியில் இருந்தவை சில சர்வர்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கூட்டுக் குடித்தனமே நடந்தது. ஒரே கூரையின் கீழ் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகளைப் போல விர்ச்சுவல் மெஷின்கள். அடுப்பைப் பொதுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு அறைக்கதவை மட்டும் சாத்திக்கொள்கிறவர்களைப் போல கன்டெய்னர்கள். கணக்கு ஒன்றில், சம்பளம் ஒன்றில், வார்ப்பு அச்சுகளின் வரைபடம் ஒன்றில். எல்லாரும் தூங்கும்போது கருவி ஒவ்வொரு கதவாகத் திறந்து, உள்ளே இருப்பதை நகலெடுத்து, வேறொரு பெட்டியில் அடுக்கிவிட்டு, காலையில் எல்லார் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பும். வரிசையாகப் பச்சை டிக். கீழே, "அனைத்தும் வெற்றி."

முதலாளியம்மாவுக்கு அந்தச் செய்தியின் மேல் தனிப் பிரியம். தாமரைப் பூவும் சூரிய உதயமும் போட்ட காலை வணக்கப் படத்தோடு சேர்த்து, அதைக் குடும்பக் குழுவுக்கும் கோயில் குழுவுக்கும் அனுப்புவாள். "எங்க போயென் வெச்ச மெஷின்" என்று ஒரு வரியும் போடுவாள். கடல்தெய்வம் மாஸுவின் கோயில் பூசைக் கமிட்டிக்காரர்கள் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. எல்லாரும் கட்டைவிரல் தூக்கிய படம் அனுப்புவார்கள்.

யாஜுங்குக்கு அந்தக் குடித்தனத்தில் ஒரே ஒரு கதவின் மேல்தான் உயிர். பழைய குழாய்ப் படங்கள் இருந்த கன்டெய்னர் அது.

கம்பெனி எப்போதோ செய்து நிறுத்திவிட்ட குழாய்கள் தீவு முழுக்க இன்னமும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. பிளம்பர்கள் கழற்றிய குழாயைப் படமெடுத்து அனுப்பினால், அதே குழாயைத் தேடி எடுத்து, எந்த வாஷர், எந்த உள்தண்டு பொருந்தும் என்று அந்தக் கன்டெய்னர் சொல்லும். அதற்குப் படங்கள் வேண்டுமே? பழைய குழாய்களுக்குப் பெயரும் கிடையாது, எண்ணும் தேய்ந்து போயிருக்கும், பார்த்தால்தான் அடையாளம். அதனால் பிளம்பர்கள் சாக்குச் சாக்காகப் பழைய குழாய்களைக் கொண்டுவந்து கொட்ட, யாஜுங் ஒவ்வொன்றாகக் கழுவிப் பிரித்துப் படமெடுத்தாள். சமையல்கட்டுக் குழாயில் எண்ணெயும் பாசியும் சேர்ந்து கூழாகியிருக்கும். குளியலறைக் குழாயின் வாயில் யாரோ ஒருவருடைய முடி, யாரோ ஒருவருடைய சோப்புச் சளி. முதல் வருஷம் அவள் மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். பல வருஷம் அப்படிப் போனது. புரட்டிப் புரட்டி எடுத்த படங்கள் கடல்போல் சேர்ந்தன. உள்ளே இடம் போதாமல் போனபோது, போயென் அந்தக் கன்டெய்னருக்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தான். படங்களெல்லாம் அதற்குள் குடிபோயின.

கருவி வந்த புதிதிலேயே யாஜுங் கேட்டாள். "மேனேஜர், ஒரு தடவை திரும்ப எடுத்துப் பாத்துடலாமே. ஒரே ஒரு கன்டெய்னர். வேற பேர்ல எழுப்பிப் பாத்துட்டு அழிச்சுடலாம்."

"எதுக்குக்கா? பச்சை வருதுல்ல?"

"பச்சைன்னா எடுத்துட்டேன்னு சொல்லுது. எதை எடுத்துச்சுன்னு பாக்க வேணாமா?"

"சமர்த்தா இருக்கிற மெஷினப் போய்ச் சீண்டக்கூடாதுக்கா. தூங்குற குழந்தைய எழுப்பி, தூங்கறியான்னு கேப்பீங்களா?" சொல்லிவிட்டு அவன் சிரித்தான். பல்லிடுக்கில் வெங்காயத்தாள்.

அப்புறம் கேட்டபோது வேலை நெருக்கடி என்றான். அதற்கும் அப்புறம் ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. பேய் என்று சொல்லப் பயந்து ஊர் ‘நல்ல அண்ணன்மார்’ என்கிற செத்தவர்கள் கதவு திறந்து ஊருக்குள் உலாவும் மாதம். அந்த மாதத்தில் யார் வீடு மாறுவார்கள், யார் கல்யாணம் பேசுவார்கள், யார் புது வண்டி எடுப்பார்கள்? போயென் இரண்டு கையையும் விரித்தான். "செத்ததை எழுப்பிப் பாக்கற சோதனைய இந்த மாசத்துலயா? அத்தை என்னை உயிரோட விடமாட்டாங்க. மாசம் முடியட்டும்."

தைபேயில் படித்தவன் வாயிலிருந்து இப்படி வந்தது. சோம்பேறித்தனத்துக்குச் சாமி வேஷம் கட்டினால் யார் எதிர்த்துப் பேச முடியும்?

அதே வாரம் முதலாளியம்மாவுக்குப் படையல் சாமான் வைக்க இடம் வேண்டியிருந்தது. பானப் பெட்டிகள், நூடுல்ஸ் பெட்டிகள், அரிசி மூட்டைகள். பின்கட்டு அறையைத் திறந்தாள். உள்ளே பழைய குழாய்ச் சாக்குகள்.

"சீ! என்ன நாத்தம் இது. போயென், இதெல்லாம் எதுக்குடா இன்னும்?"

"தேவையில்ல அத்தை. எல்லாம் படமா இருக்கு. அந்தப் படத்துக்கும் நகல் இருக்கு."

"அப்ப பழைய பித்தளைக்காரனக் கூப்பிடு."

யாஜுங் மதியம் திரும்பி வந்தபோது அறை கழுவி விடப்பட்டிருந்தது. ஓடிப்போய் "முதலாளியம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றாள்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நீயே மூக்கப் பொத்திக்கிட்டுத்தானே அதுக்குள்ள போவ!"

அது உண்மைதான். பல வருஷத்துச் சாக்கு பித்தளைக்காரனின் வண்டியில் போய்விட்டது. இனி மிச்சம் இருந்தது அந்தப் பக்கவாட்டு டிஸ்க்கும், காலைதோறும் வருகிற பச்சை டிக்கும்தான்.

படையல் நாளும் வந்தது. தொழிற்சாலை முற்றத்தில் நீள மேசைகள் போட்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு ஊதுபத்தி குத்தி, கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள் முகம் கழுவத் தகரப் பாத்திரத்தில் தண்ணீரும் துண்டும் வைத்தாயிற்று. கணினிப் பிரிவுக்கு மட்டும் தனிச் சடங்கு. மெஷின் சமர்த்தாக இருக்க வேண்டும் என்று சர்வர்களின் மேல் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கும் பச்சைப் பைச் சோளப் பொரியை எடுத்துவிட்டு, தேதி தாண்டாத புதுப் பைகளைப் படையலில் காட்டி, திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பச்சை மட்டும்தான் வைக்கலாம். சிவப்பு வைத்தால் மெஷினுக்குச் சாவு. மஞ்சள் வைத்தால் எச்சரிக்கை விளக்கு.

ஊரே படைக்கிற நாளில் பச்சைப் பை எங்கே கிடைக்கும்? யாஜுங் மூன்று கடை ஏறி இறங்கினாள். ஒரு பை குறைந்தது. கடைக்காரப் பெண் மஞ்சள் ஒன்றை நீட்டி, "உள்ள இருக்கறதும் அதே பொரிதான்கா, மசாலாதான் வேற" என்றாள். யாஜுங் வாங்கிவிட்டாள். வெயில் அப்படி. படையலில் காட்டி, சர்வர்களின் மேல் வைத்தும் முடித்தாள்.

பத்தி பாதி எரிவதற்குள் சர்வர் அறையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பழைய குழாய்ப் படங்கள் இருந்த சர்வர் அலறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டு டிஸ்க் செத்துவிட்டிருந்தது. அந்தச் சர்வரின் தலையில், சிரித்த முகம் போட்ட மஞ்சள் பை.

போயென் டிஸ்க்கைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தான். "அத்தை! இங்க வந்து பாருங்க, யாஜுங் அக்கா என்ன பண்ணியிருக்காங்கன்னு!"

முதலாளியம்மா வந்தாள், கணக்குப் பிரிவுப் பெண்கள் வந்தார்கள், பட்டறை ஆட்கள் பத்தி பிடித்த கையோடு எட்டிப் பார்த்தார்கள். "மஞ்சளா வெச்சா?" "அதான் பாரு." "தெரிஞ்சேவா?" யாஜுங்குக்கே அரைநொடி சந்தேகம் வந்தது, ஒருவேளை நிஜமாகவே தன்னால்தானோ என்று. அந்த அரைநொடியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு.

"டிஸ்க் பழசு. வெயில் காலம். தானா செத்துருக்கு" என்றாள்.

"இத்தனை நாள் சாகாதது இன்னிக்கு, இந்த நேரத்துல சாகுமா?" என்றாள் முதலாளியம்மா. "இந்தாம்மா பத்தி. மெஷின் முன்னாடி நின்னு மன்னிப்புக் கேளு. நல்ல அண்ணன்மார் கிட்டயும் கேளு. மத்ததெல்லாம் அப்புறம்."

யாஜுங் போயெனைப் பார்த்தாள். "நான் கேக்கறேன். நீங்க அதுக்குள்ள பேக்கப்லேருந்து எடுக்க ஆரம்பிங்க மேனேஜர்."

"நீங்க கவலையே படாதீங்கக்கா" என்றான் அவன், பெருந்தன்மையாக.

சர்வர் அறைக்குள் நெருப்புப் புகை ஆகாது என்று வாசலில் நிற்கவைத்தார்கள். பட்டறை ஆட்கள் எல்லாம் பார்க்க, ஒரு சோளப் பொரிக்காக, ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டாள். படங்கள் திரும்பி வந்தால் போதும், இன்னும் பத்துத் தரம் குனியலாம் என்றுதான் நினைத்துக்கொண்டாள். பத்தியின் சாம்பல் அவள் கைமேல் விழுந்தது. முதலாளியம்மா, "நல்லா குனி, நல்லா" என்றாள்.

கருவி வேலையைத் தொடங்கி, ஓடி, முடித்தது. திரையில் பெரிய பச்சை டிக் விழுந்தது. கன்டெய்னர் எழுந்தது, தேடும் பக்கமும் வந்தது. போயென் நாற்காலியைச் சுழற்றி எல்லாரையும் பார்த்தான். கை தட்டினார்கள். முதலாளியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? எங்க பிள்ளை முன்யோசனையா வெச்சிருந்தான். இல்லாட்டி இந்த மஞ்சப் பையால என்ன கதி ஆயிருக்கும்?"

யாஜுங் அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டி ஒரு குழாயைத் திறந்தாள். வரிசை எண் இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். அடுத்ததைத் திறந்தாள். வெள்ளைக் கட்டம். அதற்கடுத்ததும் அப்படியே.

"நெட் மெதுவா இருக்கு" என்றான் போயென்.

"இது நம்ம கட்டடத்துக்குள்ளயே இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க, வரும்."

"எதுலேருந்து வரும்?"

அவள் அவன் கையைத் தள்ளிவிட்டு, கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே இருந்தது, மறைவாகக்கூட இல்லை. கருவி கன்டெய்னரை மட்டும்தான் எடுக்கும். பக்கவாட்டில் மாட்டிய டிஸ்க்கையும் எடுக்க வேண்டுமானால், அதற்கென்று உள்ள கட்டத்தில் ஒருவர் கை வைத்து டிக் போட வேண்டும். யாரும் போட்டிருக்கவில்லை. வீட்டை நகலெடுக்கச் சொன்னால், பெட்டகம் இருந்த கொட்டகையை விட்டுவிட்டு, ஒவ்வொரு காலையும் "வீடு பத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது கருவி. அது பொய் சொல்லவில்லை. சொல்லாததைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

"கட்டத்துல டிக் போடல நீங்க" என்றாள்.

"அது தானா வரணும்கா. தானியங்கிதானே?"

கும்பலில் யாரோ கொட்டாவி விட்டார்கள். கணக்குப் பிரிவுப் பெண்ணொருத்தி, "வந்துடுச்சுன்னாங்க, வரலங்கறாங்க. ஒண்ணும் புரியல, வா, நூடுல்ஸ் பங்கு பிரிக்கறாங்க" என்று மற்றவளை இழுத்துக்கொண்டு போனாள். முதலாளி கோ மட்டும் நின்றார். குட்டையான, வாய் பேசாத மனிதர். பெண்டாட்டி பேசி முடிக்கக் காத்திருந்தே வயதாகிவிட்டவர்.

யாஜுங்குக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. "சரி. செத்த டிஸ்க்கக் குடுங்க. தைச்சுங்ல டிஸ்க்கப் பிரிச்சு உள்ள இருக்கறத எடுக்கற கடை இருக்கு. நான் இப்பவே கொண்டு போறேன். எங்க வெச்சீங்க?"

போயென் முகத்தில் முதல் முறையாக ஒரு நிழல் ஓடியது. அது அவனுக்குப் பொருந்தாத உடுப்பு மாதிரி இருந்தது.

"ஒசாகா வாடிக்கையாளர் விதி இருக்குல்லக்கா. உள்ள இருக்கறத யாரும் எடுக்காதபடி செத்த டிஸ்க்கத் துளை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பணும்னு."

"அதுக்கு?"

"நீங்க பத்தியோட நின்னப்பவே பட்டறையில குடுத்துட்டேன். மூணு துளை. போட்டோவும் அனுப்பியாச்சு." பிறகு, அதிலாவது பாராட்டு வருமோ என்னவோ என்று, "உடனே" என்று சேர்த்துக்கொண்டான்.

அந்தக் கம்பெனிக்கு அவன் வந்த நாளிலிருந்து விதிப்படி, நேரத்துக்கு, சொல்லாமலே செய்த ஒரே வேலை அதுதான்.

யாஜுங்குக்கு ஏதோ கெட்டியாக மேலேறி வந்தது. அழுகை என்றுதான் கணக்குப் பிரிவில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அழுகை இல்லை. பாசியும் சோப்புச் சளியும் அடைத்த குழாய்வாயைத் திறக்கும்போது ஏறி வருமே, அது. அவள் போய் ஜன்னலைத் திறந்து வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்கினாள். அங்கேயும் நல்ல அண்ணன்மாருக்கென்று காகிதப் பணம் எரித்த புகை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "யாஜுங். ஆனது ஆச்சு. கெட்ட மாசம். நீ மறுபடி ஆரம்பி. பிளம்பருங்க கிட்டச் சொல்லி விட்டா கொண்டு வருவாங்க. உனக்குத்தான் பழக்கம் இருக்கே."

"ஆமாக்கா, ரெண்டாவது தடவை சீக்கிரம் ஆயிடும்" என்றான் போயென். "இந்தத் தடவை நான் டிக் போட்டுர்றேன்."

அவர் சொன்னபடி சொல்லி விட்டார்கள். அடுத்த வாரம் புலி என்கிற ஊரிலிருந்து டெங் என்கிற பிளம்பர் முதல் சாக்கோடு வந்து இறங்கினார். வெற்றிலைப்பாக்குச் சிவப்பேறிய வாய், எந்தக் கட்டடத்துக்குள்ளும் சத்தமாகத்தான் பேசுவார். சாக்கின் அடியிலிருந்து கறுப்பாக ஒரு நீர் படியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது.

"யாஜுங் தங்கச்சி! என்னவோ எல்லாம் அழிஞ்சு போச்சாமே. இந்தா, ஒரு பழைய விடுதிய இடிச்சாங்க, அள்ளிட்டு வந்தேன். முப்பது குளியலறை. நாத்தம் உனக்குப் புதுசா என்ன! எங்க கொட்டட்டும்?"

"மேனேஜர் ரூம்ல அண்ணே."

"அந்தக் கண்ணாடி மேசை மேலயா?"

"அது மேலதான்."

டெங் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வேறெதுவும் கேட்காமல் கதவைக் காலால் தள்ளித் திறந்து கவிழ்த்தார். குழாய்கள் உருண்டன. நெடுநாள் முடி, பாசி, பல் விளக்கின நுரையின் எச்சம், சின்னதாக ஒரு செத்த பல்லி. கோழி தின்றுகொண்டிருந்த போயென் நாற்காலியோடு பின்னுக்குப் போய்ச் சுவரில் முட்டினான்.

"அத்தை!"

முதலாளியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். பின்னாலேயே முதலாளி.

"என்ன இது யாஜுங்? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மேனேஜர் மேசையில!"

"முதலாளியம்மா, நான் வேலைய விட்டும் போகல, வேற எதுவும் கேக்கவும் இல்ல" என்றாள் யாஜுங். குரல் உயரவே இல்லை. "இதெல்லாத்தையும் அவர் கழுவணும், அவர் பிரிக்கணும், அவர் படம் எடுக்கணும். எடுத்ததுக்கு நகல் எடுத்து, அந்த நகல என் கண்ணு முன்னாடி எழுப்பிக் காட்டணும். இந்த மாசத்துலயே. அதுவரைக்கும் நான் ஒரு வாஷரத் தொடமாட்டேன். பிளம்பர் போன் வந்தா அவருக்குத்தான் போகும். இன்னிக்குக் காலையிலேயே மாத்திட்டேன்."

"இந்த மாசத்துலயா? நல்ல அண்ணன்மார்…"

"அவங்கள நான் பாத்துக்கறேன். நான்தான் குனிஞ்சு கும்பிட்டு வெச்சிருக்கேனே."

முதலாளியம்மா புருஷனைப் பார்த்தாள். நீ ஏதாவது சொல்லு என்கிற பார்வை. முதலாளி மேசையைப் பார்த்தார், பல்லியைப் பார்த்தார், சுவரோடு ஒட்டி நின்ற போயெனையும் பார்த்தார். அவர் கல்யாணம் ஆனதிலிருந்து மனைவி முன்னால் சொல்லாத ஒரு முழு வாக்கியத்தைச் சொன்னார்.

"பின்கட்டுல தண்ணி வருது, அங்க கொண்டுபோய்க் கழுவச் சொல்லு."

போயென் கையுறை கேட்டான். யாஜுங் கொடுத்தாள், மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். முதல் குழாயின் வாயில் இரண்டு விரல் விட்டு இழுத்தபோது, கறுத்த முடிக் கொத்து ஒன்று நீளமாக, முடிவே இல்லாமல், வழுவழுவென்று வந்துகொண்டே இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிச் சாக்கடையில் மதியக் கோழியைக் கக்கினான். டெங் அண்ணன் வாசற்படியில் நின்று, "அட, இது பொம்பளைங்க தங்குன மாடி. ஆம்பளைங்க மாடிய இன்னும் நீ பாக்கல" என்று உற்சாகப்படுத்தினார்.

வாயைத் துடைத்துக்கொண்டு போயென் நிமிர்ந்தான். கண்ணில் நீர். "அக்கா, இதையெல்லாம் நீங்க தனியாவா பண்ணீங்க? அத்தனையும்?"

யாஜுங் அவனைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்காக அவனை மன்னித்துவிடத்தான் வேண்டும் போலிருந்தது. மன்னிப்பு வரவில்லை.

"உள்பக்கம் பாசி இருக்கு பாருங்க" என்றாள். "அதையும் தேய்ங்க."